ஓடக்காரன் சொல்

தை மாதத்தின் ஐந்தாம் நாள் மணலூர்ப்பேட்டைக்கு வருவோர் தென்பெண்ணையாற்றை நீர்ப்பெருக்காகக் காண்பதை விட மக்கள் பெருக்காகவே காண்பர். அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் அங்கே எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுவார். சுற்று வட்டாரத்து ஊர்த் தெய்வங்களும் ஆற்றுக்கு வந்து சேரும். மணற்பரப்பில் கடைகள் முளைக்கும். குழந்தைகள் மணலைக் குவித்து விளையாடுவர். பெரியவர்கள் முழங்கால் அளவு நீரில் நின்று தலையில் தெளித்துக்கொள்வர். ஆறு அன்று ஒரு தாயின் மடியைப் போல அமைதியாகக் காணப்படும்.

ஊரின் பெயரிலேயே மணல் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் ஆறும் மணலாகவே கிடக்கிறது. நந்திமலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைக் கடந்து வரும் தென்பெண்ணை, 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையில் தங்கி, பின்னரே இவ்வூரை நோக்கி வருகிறது. ஆயினும் அந்த அமைதியான ஆறே 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையால் வேறு முகம் காட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேற்பட்ட நீர் வெளியேற்றப்பட்டது. கரையோர ஊர்கள் பல வெள்ளத்தில் சிக்கின. மீட்புப் படையினர் படகுகளைக் கொண்டுவந்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

நீர் வற்றிய ஆற்றங்கரையில் வாழ்வோர்க்கு நீரைக் கண்டால் ஆசை மிகுதி. அதனோடு பழக்கமோ குறைவு. இது குற்றமன்று, இயற்கை. ஆனால் இவ்விரண்டும் சேருமிடத்தில்தான் ஆபத்துப் பிறக்கிறது. இவ்வட்டாரத்து மக்கள் விடுமுறை நாட்களில் கல்வராயன் மலையேறிக் கரியாலூர்ப் படகுத்துறைக்குச் செல்கின்றனர். ஏற்காட்டு ஏரிக்கும் ஒகேனக்கல் பரிசல் துறைக்கும் செல்கின்றனர். படகிலே பிறந்து படகிலே வளர்ந்த பரதவரைப் போன்றவர் அல்லர் இவர்கள், ஆண்டுக்கொருமுறை படகேறுபவர்கள். இத்தகையோர்க்குப் படகின் வரலாறு சொல்லும் பாடம் ஒன்று உண்டு. அதனை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

படகில் உயிரைக் காப்பவை மூன்று. ஒன்று, ஏற்றும் சுமையின் அளவு. மற்றொன்று, நீரில் விழுந்தால் தாங்கும் மிதவை. மூன்றாவது, ஓடக்காரன் சொல். முதல் இரண்டும் மூன்றாவதை நம்பியே நிற்கின்றன. இம்மூன்றும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. நம் முன்னோர் இவற்றை நன்கறிந்திருந்தனர். அறிந்ததை நாம் எப்பொழுது மறந்தோம் என்பதே கேள்வி.

தமிழில் படகுக்கு வழங்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். தோணி, ஓடம், அம்பி, பஃறி, வங்கம், நாவாய், கட்டுமரம், பரிசல், தெப்பம், புணை என்று அவை நீண்டு செல்லும். சிலப்பதிகாரத்தின் வையைக் கரையில் இருவகையான கலங்களைக் காண்கிறோம். குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் அமைந்த அம்பிகள் பெருந்துறையில் மக்களை ஏற்றி இறக்கின. கோவலனும் கண்ணகியும் அக்கூட்டத்தை விலக்கி, ஒரு மரப்புணையில் ஏறி அக்கரை சேர்ந்தனர். இவை தொழிலுக்கும் பயணத்துக்கும் உரிய கலங்கள். அதே காப்பியத்தில், மாடம் அமைந்த நாவாயில் இன்பமாக உலா வந்தவர்களையும் காண்கிறோம். வேடிக்கைப் படகு நமக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

அங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நீர்விளையாட்டில் ஈடுபட்டோர் வெறுங்கையோடு ஆழத்தில் இறங்கவில்லை. புணையைத் தழுவிக்கொண்டு நீராடினர். நாணற்கோலாலும் இலேசான மரத்தாலும் செய்த புணை அவர்களுடைய விளையாட்டுத் துணையாக இருந்தது, காவலாகவும் இருந்தது. லைஃப் ஜாக்கெட் என்று இன்று நாம் கூறும் மிதவைச் சட்டையின் முன்னோன் அந்தப் புணையே எனலாம். இன்பத்தையும் காவலையும் பழந்தமிழர் ஒன்றாகவே கட்டி வைத்தனர்.

கட்டத் தவறிய இடத்தில் நேர்ந்த துயரத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. காவிரியின் கழார்த் துறையில் புதுப்புனல் விழா நிகழ்ந்தபோது ஆடலில் வல்லவனான ஆட்டனத்தியை ஆறு இழுத்துச் சென்றது. அவனைத் தேடிக் கரை நெடுக அழுதுகொண்டு ஓடிய ஆதிமந்தியின் கதையைப் பரணர் முதலிய புலவர்கள் மீண்டும் மீண்டும் நினைவூட்டினர். கரிகாலன் கண் முன்னே நடந்த விழா அது. ஊர் முழுவதும் கூடியிருந்த நாள் அது. நீரில் இறங்கியவனோ ஆற்றலுடைய இளைஞன். ஆற்றலும் கூட்டமும் விழாவும் ஒருவனைக் காக்கமாட்டா என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளாக அக்கதை சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி, ஓடக்காரன் சொல்லுக்கு எத்துணை மதிப்பு இருந்தது என்பதற்குச் சென்னைக் கடற்கரையே சான்று. 1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றபோது அங்கே துறைமுகம் இல்லை. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகவும் அந்நிலை நீடித்தது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஓயாது புரண்டு உடையும் அலைகளைக் கடந்து மனிதரையும் சரக்கையும் கொண்டுவந்தவை மசூலா படகுகள். சலங்கு என்றும் இவ்வகைப் படகை வழங்குவர். இப்படகில் இரும்பாணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைத்திருந்தனர். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையில் மோதி உடைந்தது; கயிற்றால் தைத்த படகோ அலைக்கு வளைந்து கொடுத்துப் பிழைத்தது.

ஆயினும் அப்படகைப் பற்றி நாம் அறிய வேண்டியது அதன் தையல் மட்டுமன்று. அதன் பயணத்தைச் சூழ்ந்திருந்த ஒழுங்கே முக்கியமானது. அலை மிகுந்து படகு செல்லத் தகாத நாளில் கரையில் கொடி ஏற்றப்படும். அக்கொடியைக் கண்டபின் படகுகள் செல்லமாட்டா. கப்பலில் காத்திருப்பவர் எத்தனை பெரிய மனிதராயினும் காத்திருக்க வேண்டியதே. படகு செல்லும் நாளிலும் அதன் அருகே கட்டுமரங்கள் உடன் செல்லும். படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தோரைத் தூக்கி எடுப்பது கட்டுமரக்காரரின் கடமை. அவ்வாறு உயிர் காத்தவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

படகின் பின்புறம் நின்ற தண்டல் என்னும் தலைவன் அலையின் போக்கை நோக்குவான். எந்த அலைக்குக் காத்திருப்பது, எந்த அலையின் முதுகில் ஏறிக் கரைக்குப் பாய்வது என்பதை அவனே முடிவு செய்வான். கோட்டைக்குள் ஆணையிட்டுப் பழகியவர்களும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு சென்னைக் குப்பத்து மனிதனின் வாயைப் பார்த்து அமர்ந்திருந்தனர். எச்சரிக்கைக் கொடி, உடன்செல்லும் மீட்பர், தலைவனின் சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்தப் பயணத்தை இயலக்கூடியதாக ஆக்கின. இன்றைய கடற்கரைகளில் உயிர்காப்பாளர் நிற்பதையும் செங்கொடி நடுவதையும் பார்க்கும்போது, இவ்வொழுங்கு நமக்குப் பழையது என்பதை நினைவில் கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் இதே பாடம் பெருந்துயரங்களின் வழியாகக் கற்கப்பட்டது. இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுக் கழகத்தைச் சேர்ந்த கேப்டன் வார்ட் என்பவர் 1854-ஆம் ஆண்டில் தக்கைத் துண்டுகளைத் தைத்து மிதவைச் சட்டை ஒன்றை உருவாக்கினார். உடம்பில் சுமையாக இருக்கிறது என்று பலர் அதை அணியத் தயங்கினர். 1861-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விட்பி என்னும் ஊரின் கடலில் பெரும் புயல் வீசியது. பிறரைக் காக்கச் சென்ற உயிர்காப்புப் படகே கவிழ்ந்தது. அதில் இருந்த 13 பேரில் 12 பேர் மாண்டனர். தப்பிய ஹென்றி ஃப்ரீமன் என்பவர் ஒருவரே அப்புதிய சட்டையை அணிந்திருந்தார். மாண்ட பன்னிருவரும் கடலை அறியாதவர் அல்லர், கடலோடிகளே. நீந்தத் தெரிந்தவருக்கு மிதவை எதற்கு என்று கேட்போர்க்கு இதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

சுமையின் அளவைப் பற்றிய போராட்டம் சாமுவேல் பிளிம்சால் என்னும் பாராளுமன்ற உறுப்பினரோடு இணைந்தது. இலாபத்துக்காக அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பிய கப்பல்களை எதிர்த்து அவர் ஓயாது குரல் கொடுத்தார். அதன் பயனாக 1876-ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலின் பக்கத்தில் சுமையளவுக் கோடு ஒன்று வரைய வேண்டுமெனக் கூறியது. ஆனால் அதை எவ்விடத்தில் வரைவது என்பதை உரிமையாளர் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. விளைவை ஊகிக்கலாம். 1890-ஆம் ஆண்டிலேதான் கோட்டின் இடத்தையும் சட்டம் வரையறுத்தது. அளவை நிர்ணயிக்கும் உரிமை ஆதாயம் பெறுபவனிடம் இருந்தால் அது அளவாகாது என்பது இதனால் பெறப்படும்.

அதே 1890-ஆம் ஆண்டில் தமிழகத்திலும் இரண்டு நிகழ்ச்சிகளைக் காண்கிறோம். சென்னை மாகாணத்தில் கால்வாய்கள், பொதுத் துறைகள் பற்றிய சட்டம் பிறந்தது. நீர்வழிகளில் ஓடும் கலங்களும் ஓடத்துறைகளும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மற்றொன்று, கோடைக்கானலில் படகுக் கழகம் தோன்றியது. முன்னது தொழிற்படகைப் பற்றியது. பின்னது வேடிக்கைப் படகைப் பற்றியது.

வேடிக்கைப் படகின் புதிய வரலாறு மலைவாசத் தலங்களிலும் சென்னை நகரிலும் தொடங்கியது. உதகையில் ஜான் சலிவன் 1820-களில் ஏரியை அமைத்தார். அடையாற்றில் துடுப்புப் போடும் சென்னைப் படகுக் கழகம் 1867-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கோடைக்கானலில் 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்ச் என்னும் அதிகாரி ஏரியை உருவாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகைத் தருவித்தார். கடற்கரைப் படகு மலையேறியது. ஆனால் அப்படகோடு இருந்த பழைய ஒழுங்கு முழுவதும் மலையேறியது எனச் சொல்வதற்கில்லை.

ஏனெனில் இங்கே ஓர் அடிப்படையான மாற்றம் நிகழ்ந்தது. ஓடத்துறையில் ஏறுபவன் அக்கரை சேர வேண்டும் என்ற தேவையோடு ஏறுகிறான். ஆகவே ஓடக்காரனுக்கு அடங்குகிறான். வேடிக்கைப் படகில் ஏறுபவனோ மகிழ்ச்சியை விலைகொடுத்து வாங்கியவன். ஆகவே படகோட்டியைத் தன் ஏவலாளனாக எண்ணுகிறான். ‘இன்னும் இருவர்தாமே, ஏற்றிக்கொள்’ என்கிறான். ‘அந்தப் பக்கம் ஓட்டு’ என்கிறான். எழுந்து நின்று படம் எடுக்கிறான். மறுத்தால் வாடிக்கை போய்விடுமோ என்று படகோட்டி அஞ்சுகிறான். தொழிற்படகு வேடிக்கைப் படகாக மாறியபோது நாம் இழந்தது ஓடக்காரன் சொல்லையே.

அதை இழந்ததன் விலையை வரலாறு கணக்கிட்டு வைத்திருக்கிறது. 1924-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் இரவு, கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குச் சென்ற ‘ரிடீமர்’ என்னும் படகு பல்லனை என்னுமிடத்தில் கவிழ்ந்தது. திருவனந்தபுரத்தில் நடந்த முறைஜபம் என்னும் பெருவிழாவை முடித்துத் திரும்பியோரால் படகு நிரம்பி வழிந்தது. மாண்டவர்களுள் மலையாளத்தின் மகாகவி குமாரனாசானும் ஒருவர். அவர் அப்போது ஐம்பது வயதே ஆனவர். திறந்த கடலிலன்று, கொந்தளிப்பிலன்று; கரை அருகிலிருந்த ஓர் உள்நாட்டு நீர்வழியில் அப்பெருங்கவிஞர் மறைந்தார். விழாக் கூட்டம் வீடு திரும்பும் அவசரத்தில் ஏறும் ஒவ்வொரு படகும் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும்.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தமிழகத்தைச் சேர்ந்தோரும் அவர்களில் இருந்தனர். அந்த ஏரி நமக்கு அந்நியமன்று. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாற்று அணையால் 1895-ஆம் ஆண்டில் உருவானது. கரையிலே காட்டு விலங்குகளைக் கண்ட ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாகத் தப்பியோர் கூறினர். பயணிகள் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை.

2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகச் சென்ற குடும்பத்தினரின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். மீன்பிடிக்கும் படகு அது. கூட்டமாக மக்களை ஏற்றிச் செல்வதற்கென அமைந்ததன்று. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் குஜராத்தின் வடோதரா நகரில் ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா சென்ற பள்ளிக் குழந்தைகளின் படகு கவிழ்ந்தது. 12 மாணவரும் 2 ஆசிரியரும் மாண்டனர். எல்லாக் குழந்தைகளுக்கும் மிதவைச் சட்டை தரப்படவில்லை.

இந்நான்கு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நூறாண்டு இடைவெளி உண்டு. படகுகள் மாறியுள்ளன, மரம் போய் இழைக்கண்ணாடி வந்துள்ளது, நீராவி போய் மோட்டார் வந்துள்ளது. காரணங்களோ பெரும்பாலும் மாறவில்லை. அளவுக்கு மீறிய கூட்டம், ஒரு பக்கம் சாய்ந்த சுமை, பணிக்குப் பொருந்தாத படகு, அணியாத மிதவை என்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் ஒன்றேனும் படகோட்டி அறியாததன்று. அறிந்தவனின் சொல் எடுபடவில்லை, அல்லது அவன் சொல்லத் துணியவில்லை.

ஒரு பக்கம் சாய்ந்தால் படகு ஏன் கவிழ்கிறது என்பதையும் சற்றே நோக்குவோம். படகின் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள உயரமே அதன் காப்பு. ஆள் கூடக் கூட அவ்வுயரம் குறைகிறது. அமர்ந்திருப்பவன் எழுந்து நின்றால் பாரத்தின் மையம் மேலே உயர்கிறது. படகு நிமிர்ந்து நிற்கும் ஆற்றல் குறைகிறது. பலர் ஒரே பக்கம் நகர்ந்தால் விளிம்பு நீருக்குள் தாழ்கிறது. உள்ளே புகுந்த நீர் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி, அப்பக்கத்தை இன்னும் அழுத்துகிறது. சாயத் தொடங்கிய படகு சில நொடிகளில் கவிழ்வது இதனாலேயே. பரிசலில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். மூங்கிலால் பின்னிய வட்ட வடிவமான அக்கலத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை, அடிமரமும் இல்லை. ஏறியவர்கள் வட்டமாகச் சமனாக அமர்வதே அதன் நிலைப்பு. ‘அசையாமல் உட்காருங்கள்’ என்று பரிசல்காரர் கூறுவது அதட்டலன்று. அதுவே பரிசலின் இலக்கணம்.

ஒகேனக்கல்லில் பழைய கொடி ஒழுங்கின் மறுவடிவத்தை இன்றும் காண்கிறோம். கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் காவிரியின் நீர்வரத்து அளக்கப்படுகிறது. வரத்து மிகும்போது பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. நெடுந்தொலைவிலிருந்து வந்த குடும்பத்தார் ஏமாற்றத்தோடு கரையில் நிற்பதுண்டு. ‘ஆறு அமைதியாகத்தானே இருக்கிறது’ என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது எதிரிலுள்ள ஆறு. தடை விதித்தவர் அறிந்தது மேலே வந்துகொண்டிருக்கும் ஆறு. சாத்தனூர் அணைக்குக் கீழே வாழும் மணலூர்ப்பேட்டை மக்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. 2024-ஆம் ஆண்டின் டிசம்பர் அதனை விளக்கிவிட்டது.

சட்டமும் வளர்ந்திருக்கிறது. 1917-ஆம் ஆண்டு முதல் வழங்கிவந்த சட்டத்துக்கு மாற்றாக, உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இயந்திரப் படகுகளுக்குப் பதிவும், தகுதிச் சோதனையும், காப்பீடும், தகுதி பெற்ற ஓட்டுநரும், உயிர்காப்புக் கருவிகளும் வேண்டுமென அது கூறுகிறது. துடுப்புப் படகு போன்ற இயந்திரமில்லாக் கலங்களின் பதிவை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கவும் அது இடமளிக்கிறது. சட்டம் நல்லதே. ஆயினும் படகில் ஏறும் அந்த நிமிடத்தில் நம் பக்கத்தில் நிற்பது சட்டமன்று, படகோட்டியே. பிளிம்சாலின் கோட்டை இலாபம் தேடியவனிடம் விட்டது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு படகின் அளவை அவசரப்படும் பயணியிடம் விடுவது.

ஆகவே படகேறும் முன் ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை சில உண்டு. எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். கைக்குழந்தையும் ஓர் ஆளே என எண்ணுங்கள். கூட்டம் மிகுந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். மிதவைச் சட்டையைக் கரையிலேயே அணிந்து எல்லாக் கட்டுகளையும் இறுக்குங்கள். மடியில் வைத்திருக்கும் சட்டை கவிழும் நேரத்தில் கைக்கு வராது. குழந்தைக்குப் பெரியவர் சட்டை பொருந்தாது. கைகளைத் தூக்கினால் அது தலைவழியே கழன்றுவிடும். மது அருந்தியவரை ஏற்ற வேண்டாம். படகு நடுநீரில் இருக்கும்போது எழுந்து நிற்க வேண்டாம். இடியும் காற்றும் தோன்றினால் செலுத்திய பணத்தை மறந்து கரைக்குத் திரும்புங்கள்.

படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்துவதினும், மிதக்கும் படகைப் பற்றிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் நலம். கரையில் இருப்பவர் ஒருவர் மூழ்குவதைக் கண்டால் உடனே குதித்துவிடலாகாது. மூழ்குபவர் பற்றிய பிடி காப்பாற்றச் சென்றவரையும் அமிழ்த்தும். கயிறு, கழி, துண்டு, காலிக் குடம் ஆகிய எதையேனும் நீட்டுவதும் எறிவதுமே முதற்கடமை. அன்றைய கட்டுமரக்காரரும் வெறும் உடம்போடு நீரில் பாயவில்லை. மிதக்கும் மரத்தோடுதான் சென்றனர். ஆற்றுமணலை நம்பி இறங்குவோரும் ஒன்றை நினைவில் கொள்க. வெள்ளம் வடிந்தபின் நேற்றைய ஆழமற்ற இடம் இன்று ஆழமாக இருக்கலாம். மணல் எடுத்த குழிகள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியமாட்டா.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். படகோட்டி ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால் அவரை நெருக்காதீர்கள். ‘இதற்கு மேல் ஏற்றமாட்டேன்’ என்று சொன்னால் அவருக்கு நன்றி கூறுங்கள். அவர் அன்றைய வருவாயை இழந்து அச்சொல்லைச் சொல்கிறார். அதைக் கேட்கும் நாம் இழப்பது அரை நாழிகை இன்பமே. நம் பிள்ளைகள் எதிரில் நாம் அச்சொல்லுக்கு அடங்கினால், அவர்களும் அடங்கக் கற்பர். அவர்கள் எதிரில் நாம் அவரை ஏளனம் செய்தால், அதையும் கற்பர்.

வரும் தை ஐந்தாம் நாளிலும் அண்ணாமலையார் தென்பெண்ணைக்கு எழுந்தருளுவார். மணலூர்ப்பேட்டைக் கரையில் மக்கள் கூடுவர். குழந்தைகள் நீரைக் கண்டு குதூகலிப்பர். அந்தக் குதூகலம் குறைய வேண்டியதில்லை. கழார்த் துறையில் ஆதிமந்தி அழுத அழுகை வேறு எந்தக் கரையிலும் கேட்காதிருந்தால் போதும். அதற்கு வேண்டியது அச்சமன்று. நீரை அறிந்தவனின் சொல்லுக்குக் காதுகொடுக்கும் பணிவே.